பெறுநர் வரி

பெஹாலா, கல்கத்தா
10.7.1988

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். நானும் அம்மாவும் சௌக்கியம். மூன்று நாளாக விடாத மழை; டிராம் ஓடவில்லை. அந்தத் தண்ணீரிலும் சுதேஷ்ணாதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, வாசலிலிருந்தே “ராஜி, தோமார் சிட்டி!” என்று வங்காளியில் கூவி, உங்கள் கம்ப்யூட்டர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்ல முடியாது. அதனால்தான் ஏரோகிராம்.

நீங்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து அனுப்புவது மறுநாளே இங்கே வந்துவிடுகிறது என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் எனக்கென்று இங்கே உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கடிதப் பெட்டி கிடையாது. உங்களோடு ஒரே அறையில் வேலை பார்த்த சுதேஷ்ணாதியின் பெட்டிக்கு வந்து, அவர் அச்செடுத்து, மடித்து, பின் குத்திக் கொண்டுவந்து தருகிறார். பிரித்துப் படிக்கமாட்டார், நல்ல மனுஷி. அம்மாவோ, “அந்தப் பொண்ணு வந்தா டிகிரி காபியா போடு. வெங்கிட்டுவோட லெட்டரை எப்படி நனையாம கொண்டு வரா பாரு” என்கிறார். நான் நனைந்துகொண்டு ரேஷன் வாங்கி வந்த அன்று யாருக்கும் காபி நினைவு வரவில்லை.

தாளின் தலையில் சில வரிகள் இருக்கின்றன. அனுப்புநர் நீங்கள். பெறுநர் சுதேஷ்ணா. பொருள் என்ற இடத்தில்தான் ‘ராஜிக்கு’ என்று இருக்கிறது. ஆபீஸ் கடிதங்களில் பொருள் என்றால் குழாய் ரிப்பேர், சம்பள முன்பணம் என்று இருக்கும். அந்த வரிசையில் நானும் ஒரு பொருள்.

சிரிக்காதீர்கள். முடிந்தால் மாற்றுங்கள்.

உங்கள்
ராஜி

---

பிட்ஸ்பர்க்
24.7.1988

சௌபாக்கியவதி ராஜிக்கு,

ஆசீர்வாதம். சிரித்தேன், மன்னித்துக்கொள். இதை நானும் தபாலிலேயே அனுப்புகிறேன்.

அந்த வரிகளை நான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து அடிப்பதில்லை. ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். வாரத்தில் சுதேஷ்ணாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று எழுதி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதுவே தலைவரிகளைப் போட்டு அனுப்பிவிடும். சுதேஷ்ணாவின் கடிதத்துக்குப் பொருள் ‘வேலை’, உன்னுடையதற்கு ‘ராஜிக்கு’. அதைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று அவள் பிரிக்கிறாள்.

உன் பெயரைப் பெறுநர் வரியில் போடத் தடையொன்றும் இல்லை. கடிதம் போய்ச் சேரும் பெட்டி வேறு, மேலே தெரியும் பெயர் வேறு. உறையில் பக்கத்து வீட்டு விலாசத்தை எழுதி, உள்ளே காகிதத்தில் உன்னைக் கூப்பிடுவது மாதிரி. அடுத்த ஞாயிறு முதல் மகாராணியின் பெயர் பெறுநர் வரியிலேயே வரும். திருப்திதானே?

அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்.

வெங்கடராமன்

---

பெஹாலா
14.8.1988

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். என் பெயர் பெறுநர் வரியில் வந்தது. சுதேஷ்ணாதிகூட, “இந்தத் தடவை ராணி மாதிரி வந்திருக்கு” என்று கேலி செய்தார். அறைக்குள் எடுத்துப் போய்ப் பின்னைப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது அவருக்கு நீங்கள் எழுதியது.

இரண்டு தாள், ஆங்கிலத்தில். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. வேலை விஷயம் கால் பக்கம்கூட இல்லை. வீட்டுக்காரக் கிழவி தன் கிளிக்கு ஞாயிறுதோறும் பைபிள் வாசிப்பது, நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவலின் முடிவு உங்களுக்கு ஏன் ஒப்பவில்லை என்பது, பனிக்காலத்தை நினைத்தால் வரும் பயம். எவ்வளவு நன்றாக எழுதுகிறீர்கள்! எனக்கு இது தெரியவே தெரியாது.

காதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வந்தபோது என் பெட்டி நிறையப் புத்தகங்களைப் பார்த்து, “இவ்வளவும் படிச்சதா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன். அதன் முடிவு சரிதான்.

கடைசிப் பத்தியில், இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், யாரிடமும் சொல்லவில்லை, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் நீங்கள் வருவீர்கள் என்று நான் ஜன்னல்களுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுதியது அவரிடம் போயிருந்தது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்துத் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, “ஓ ராஜி, ‘மாத்திரை’ மானே கீ?” என்று அர்த்தம் கேட்டார். ஆங்கில எழுத்தில் தமிழ், எட்டு வரி. மாத்திரை, மின்சார பில், கொசுவலை. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

ராஜி

---

பிட்ஸ்பர்க்
29.8.1988

சௌ. ராஜிக்கு,

உன் கடிதம் கண்டு வருந்தினேன். நடந்தது இதுதான். பெறுநர் வரியைச் சேர்த்தபோது புரோகிராமில் ஓர் இடத்தில் வரிசையை மாற்றினேன். தலைவரிகள் புது வரிசையில் போயின. உள்ளடக்கம் பழைய வரிசையிலேயே போய்விட்டது. உன் தலைப்பின் கீழ் அவள் கடிதம், அவள் தலைப்பின் கீழ் உன்னுடையது. அனுப்புமுன் எனக்கே ஒரு பிரதி அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். சரி செய்து, நான்கு முறை சோதித்துவிட்டேன். இனி நடக்காது.

நாவல், கிளி எல்லாம் உனக்குச் சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நீ எப்போதும் பேசாமல் இருப்பவள். சுதேஷ்ணா வாயாடி, எதையும் எழுதலாம். வேறொன்றும் இல்லை.

ஒரு வருஷ விஷயத்தை முடிவானதும் சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது உன்னையும் கேட்கிறேன். இருக்கட்டுமா, வரட்டுமா? சுதேஷ்ணா இருக்கத்தான் சொல்கிறாள். செப்டம்பர் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். யோசித்து எழுது.

வெங்கடராமன்

---

பெஹாலா
13.9.1988

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். அம்மாவுக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாங்கியதும் ‘உன்னையும்’ என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. அன்று சாயங்காலமே, இந்த வீட்டு மருமகளாகி முதல் தடவையாகத் தனியாக ஒருவர் வீட்டுக்குப் போனேன். சுதேஷ்ணாதி சமையலறையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன்.

“அவரை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொன்னீங்களா, தீதி?” என்றேன்.

“சொன்னேனே. இரு, ராஜியைக் கூட்டிண்டு போய் வெச்சுக்கோ, அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணும்னு எழுதினேன். உனக்குச் சொல்லலையா?” வங்காளியில்தான் சொன்னார். எனக்கு நம் வீட்டுத் தமிழில் கேட்டது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஆனால் எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னை அழைத்துப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அது உங்களுக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

புரோகிராமைச் சரி செய்துவிட்டதாக ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதி வைத்ததைத்தான் அது அனுப்பியது. இவளுக்கு இரண்டு தாள், அவளுக்கு எட்டு வரி என்று பிரித்தது அது இல்லை.

இருக்கட்டுமா, வரட்டுமா என்று கேட்டீர்கள். என்னை அழைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதமாட்டேன். வந்துவிடுங்கள் என்றும் எழுதமாட்டேன். சுதேஷ்ணாதி சொன்னதில் பாதியை என்னிடம் ஏன் சொல்லவில்லை? எனக்கு ஆங்கிலம் வரும். எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. என் கேள்விக்கு உங்கள் பதில் வந்த பிறகே அதைச் சொல்வேன்.

ராஜலக்ஷ்மி