மூன்றாவது பூச்சு

அன்புள்ள அண்ணிக்கு,

ராக்கெட் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் அப்பாவுக்கு மாடிப்படியைப் பார்த்தாலே முழங்கால் வலிக்கிறது. எனக்குத் தோள் எலும்பு மழை நாளில் மட்டும் முனகுகிறது. அம்மாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? அண்ணன் இன்னும் வாரத்துக்கு ஒரு சாவியைத் தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறானா?

போனை விட்டுவிட்டு எதற்குத் தாளை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் "அதெல்லாம் விடு, சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். மூன்று முறை அப்படித்தான் ஆனது. தாளிடம் உங்கள் வித்தை பலிக்காது.

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் அணித் தேர்வுப் போட்டி நடந்தது. நான் நான்காவதாக வந்தேன். ஐந்து பேரை எடுத்தார்கள். ஆமாம் அண்ணி, எடுத்துவிட்டார்கள்! எண்பது கிலோமீட்டர், பாதித் தூரம் தூறலில். மேம்பாலத்து இறக்கத்தில் முழு வேகத்தில் சாய்ந்து திரும்பினேன். இரண்டு டயரும் ரிம்மை விட்டு மயிரிழைகூட நகரவில்லை. ஒட்டியது நான். இல்லை, அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பூச்சுப் பசை உங்களுடையது, மூன்றாவது மட்டும் என்னுடையது.

நான் ஒட்டிய கூத்தைப் பார்க்க நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். கையெல்லாம் பசை, முழங்கையில் பசை, எப்படியோ தலைமுடியிலும் பசை. அப்பா கத்தரிக்கோலோடு வந்து காதோரம் ஒரு கொத்து வெட்டி எடுத்தார். "ஊர்ல எல்லாரும் டயர வாங்குனோமா மாட்டுனோமான்னு போறான். உனக்கு மட்டும் எதுக்கு இந்த அவஸ்தை?" என்று கேட்டார். உங்கள் குரலிலேயே பதில் சொன்னேன். சாதாரண டயருக்கு விளிம்பு உண்டு, அது ரிம்மைக் கவ்விக்கொள்ளும். என்னுடைய டியூபுலர் டயருக்குக் கவ்வ ஒன்றும் கிடையாது. டியூபை உள்ளே வைத்து வட்டமாகத் தைத்த ஒரு பைதான் அது. லேசாக இருக்கும், ரோட்டில் பறக்கும். ஆனால் பசை பிடித்தால்தான் அது டயர், பசை விட்டால் ஆளைக் கவிழ்க்கும் பாம்பு. அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ ஒட்டுறவங்கள நம்பித்தான் ஓட்டுறே" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தோள் கட்டைப் பிரித்த வாரம் பின்னறையைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை. ஜன்னலோரம் உங்கள் மேஜை, சுவர் ஆணியில் உங்கள் கருப்பு ஏப்ரன், இன்னும் போகாத பசை வாடை. அலமாரிக்குள்ளே பழைய போர்வையில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தால் என் சக்கரங்கள்! போன வருடப் போட்டியில் விழுந்ததில் கோணிய முன் ரிம்மை நிமிர்த்தியிருந்தீர்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு பூச்சு போட்டுக் காயவைத்திருந்தீர்கள். இரண்டு டயரிலும், ரிம்மோடு ஒட்டும் அடிப்பட்டையில் பூச்சு. சக்கரக் கம்பியில் கட்டிய துண்டுச் சீட்டில் உங்கள் கோழிக்கிறுக்கல்: "மூணாவது பூச்ச நீயே போட்டுக்கோ. ஈரம் காயறதுக்குள்ள மாட்டணும். வால்வு பக்கத்துலேர்ந்து ஆரம்பி. ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் ஏறு."

பெட்டி படுக்கை கட்டி ஊரை விட்டுக் கிளம்புகிற வாரத்தில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறீர்கள். அம்மா உங்களோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்த வாரம் அது.

அண்ணி, அந்த முன் டயரை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த டயர் அது. என் கட்டிலுக்கு அடியில், ஷூ அட்டைப்பெட்டிக்குள் நான் ஒளித்து வைத்தது. அதை எடுத்து, அடிப்பட்டையை உரித்து, தையலைப் பிரித்து, உள்ளே டியூபுக்கு ஒட்டுப் போட்டு, மறுபடி மெழுகு நூலால் கையாலேயே தைத்து வைத்திருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு தையல். அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பேசிவிடுகிறேன். போன வருடப் போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், பயிற்சிக்குப் போன இடத்தில் பஸ் டிப்போ பக்கம் கண்ணாடிச் சில்லு ஏறி முன் டயர் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் நீங்கள் மடித்துக் கட்டிக் கொடுத்த ஸ்பேர் டயரை எடுத்துப் பழைய பசை மேலேயே மாட்டி, காற்றடித்து, மெல்ல உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். நீங்களும் அண்ணனும் வெளியே போயிருந்தீர்கள். "வழியில மாட்டுற டயரு வீடு வந்து சேரத்தான், அதோட வளைவுல சாயாதே" என்று நீங்கள் நூறு முறை சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். உங்களிடம் சொன்னால் சக்கரத்தைப் பிடுங்கி வைத்துவிடுவீர்கள். பசை காய ஒரு நாள் வேண்டும், காலையில் போட்டி. இரண்டு வருட உழைப்பு ஒரு கண்ணாடிச் சில்லுக்குப் போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் திரும்பி வந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டபோது, "எல்லாம் பக்கா" என்று சொன்னேன்.

மூன்றாவது சுற்றில், இடப்பக்க வளைவில், டயர் ரிம்மை விட்டு வழுக்கிக் கழன்றது. விழுந்தது நான் மட்டும் இல்லை, எனக்குப் பின்னால் வந்த நம் சைக்கிள் கிளப் நெட்டையும் என் மேலேயே மோதி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் என்று எல்லோரும் நினைத்தீர்கள். மயக்கம் இல்லை. அம்மா உங்களைப் பார்த்து, "நீ ஒட்டுன லட்சணம் இதுதானா? என் பொண்ணு உசுரு போயிருந்தா?" என்று கத்தியது முழுவதும் காதில் விழுந்தது. நீங்கள் அந்தச் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கழன்ற டயரை ஒரு முறை புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆமா அத்தை, என் கைதான் பிசகிடுச்சு" என்றீர்கள். அந்த ஒரு வரியை இந்தப் பத்து மாதத்தில் மனதுக்குள் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதன் பிறகு கிளப்பில் யாரும் உங்களிடம் சக்கரம் கொண்டு வரவில்லை. அண்ணன் அந்த ஊர் வேலையை ஒத்துக்கொண்டான். நான் வாசலில் நின்று கையாட்டினேன். கட்டுப் போட்ட கை இல்லை, நன்றாக இருந்த கைதான். அந்தக் கையால் உங்களைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

இந்தத் தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், அம்மா என் சக்கரத்தைப் பார்த்து, "இந்தத் தடவையாவது தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து ஒட்டுனியா?" என்று கேட்டாள். எனக்கு என்ன வந்ததோ, அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையில் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள், அடுக்கினாள், "அவ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இரண்டு நாள் வீட்டில் மிக்ஸி சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் பின்னறையைக் கழுவித் துடைத்து, உங்கள் ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

மறுநாளே கோச்சிடமும் போய்ச் சொன்னேன். அவர், "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்ன வெளிய அனுப்பியிருப்பேன். இன்னிக்கு நீயா வந்து சொன்னதால ஓட்ட விடுறேன். ஆனா இந்த சீசன் முழுக்க எல்லார் டயரையும் போட்டிக்கு முன்னாடி நீதான் அழுத்திப் பாத்துச் சொல்லணும்" என்றார். இப்போது என் கட்டைவிரல் இரண்டும் காய்த்துவிட்டன. நெட்டையிடம் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆனது. கேட்டுவிட்டு, "நான் உங்க அண்ணியத்தான்டி பத்து மாசமா திட்டிட்டிருந்தேன்" என்றாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் உங்கள் முகவரியை வாங்கிக்கொண்டாள்.

அண்ணி, மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். எழுத எழுத நன்றிதான் வருகிறது. பழியைச் சுமந்ததற்கு நன்றி. என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி. எல்லாவற்றையும்விட, அந்த முப்பத்தொரு தையலுக்கு நன்றி. திட்ட வேண்டிய நேரத்தில் ஒருத்தர் இப்படி உட்கார்ந்து தைத்து வைப்பார் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். கடைசியில் அவளும் இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு, "எழுத்துல வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெரிய போட்டி அடுத்த மாதக் கடைசியில். வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன்.

என்றும் உங்கள் கடன்பட்ட நாத்தனார்,
ராக்கெட்

*

அன்புள்ள ராக்கெட்டுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அண்ணன்தான் முதலில் படித்தார். பிறகு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அதன் பிறகு, "நாலாவதா வந்துட்டா பாத்தியா!" என்று எதிர்வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாவியை அங்கேயே வைத்துவிட்டும் வந்தார்.

தோள் வலிக்கும்போது ஏறி மிதிக்காதே. மாமாவை ஒரு தரம் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்.

நீ எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அந்த ஸ்பேர் டயரை மடித்துக் கட்டியது நான். மடிப்பதற்கு முன்னால் அதன் அடிப்பட்டையில் ஒரு பூச்சாவது போட்டுக் காயவைத்திருக்க வேண்டும். அது இருந்தால் பழைய பசையோடு கொஞ்சமாவது பிடித்திருக்கும். அன்றைக்கு டப்பாவில் பசை தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுமனே மடித்து வைத்துவிட்டேன், அப்புறம் மறந்தும் போனேன். ஆஸ்பத்திரியில் அதைப் புரட்டிப் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது உன் தப்பு இல்லை, பூச்சே காணாத அந்த வெள்ளைப் பட்டைதான். அதனால் நான் அத்தையிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. பத்து மாதமாக அது என் நெஞ்சிலும் கிடந்தது. நீ சொன்னதால் எனக்கும் சொல்ல வாய் வந்தது. அதற்கு உனக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

கோபம் இருந்தது. இல்லை என்றால் நீ நம்ப மாட்டாய். உன் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அந்த ஷூப் பெட்டி கிடைத்த அன்று, அதை அப்படியே கொண்டுபோய் அத்தை முன்னால் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். கூடத்தில் நீ ஒற்றைக் கையால் தலை வாரிக்கொள்ளத் திணறிக்கொண்டிருந்தாய். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன். தைக்கத் தைக்கக் கொஞ்சம் அடங்கியது. மீதி உன் கடிதத்தில் அடங்கியது.

இங்கே ஒரு சைக்கிள் கடையில் எனக்கு ஜன்னலோரம் மேஜை கொடுத்திருக்கிறார்கள். முதலில், "அந்தப் பசை வேலையெல்லாம் உங்களுக்கு வருமா?" என்று கேட்டவர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. டயரை வெயிலில் காயவிடாதே. காற்றை ஒவ்வொரு காலையும் பார். நெட்டையின் மணிக்கட்டுக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. அவளுக்குத் தனியாக நானும் எழுதுகிறேன், ஸ்பேர் விஷயத்தைச் சொல்லி.

உன் அண்ணன் லீவு போட்டுவிட்டார். போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை வருகிறோம். பஸ் காலை ஆறே காலுக்கு வந்து நிற்கும். அத்தையிடம் நேரத்தை மட்டும் சொல். வேறு எதுவும் நீ சொல்ல வேண்டாம்.

நன்றாக இரு. பயமில்லாமல் சாய்ந்து திரும்பு.

உன் அண்ணி