என் பெயரில் ஒரு கார்

14 மார்ச் 2023

வங்கி கைவிரித்துவிட்டது. பாலத்துக்கு அக்கரையில், ஃபேக்டரிக்குப் பக்கத்தில், பத்து காவானில் மலிவு விலை ஃப்ளாட்டுக்கு என் பெயர் தேர்வாகி, லோனில் தடுக்கி விழுந்தது. கவுண்டரில் இருந்தவர், "மிஸ், உங்க பேர்ல ஒரு கார் நிக்குதே" என்றார். கார் எங்கே நிற்கிறது? போன வருடமே இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். மிச்சக் கடன்தான் நிற்கிறது.

ஓவர்டைம் குறைந்து தவணை கட்ட முடியாதபோது காரை ராமதாஸிடம் விட்டேன். சம்புங் பாயார். கார் அவனுக்கு, மாதத் தவணையும் அவன் கட்டுவான், பெயர் மட்டும் என்னுடையது. இங்கே பாதிப் பேர் இப்படித்தான் கார் ஓட்டுகிறார்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வருடா வருடம் என் பக்கத்தில் நின்று மோர் ஊற்றியவன் என்ற நம்பிக்கை. கொஞ்ச நாள் கட்டினான். பிறகு போனை எடுப்பதில்லை.

முட்டாள். அவன் இல்லை, நான்.

19 மார்ச்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்தக் கடைவீட்டை, பாரம்பரியக் கட்டடம் என்று ஹோட்டல் ஆக்கப் போகிறார்களாம். வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இன்றுகூட ஒரு வெள்ளைக்காரன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கமிருந்து வந்து எங்கள் கொடியில் காயும் துணியைப் படம் எடுத்தான். அம்மாவின் பாவாடை பாரம்பரியம். அம்மா பாரம்பரியம் இல்லை.

30 ஏப்ரல்

ராமதாஸைப் பிடித்துவிட்டேன். நாசி கண்டார் சோற்றுக் கடை வாசலில், முதுகில் டெலிவரிப் பெட்டியோடு ஆர்டருக்கு நின்றான்.

"உன்னால என் வீடு போச்சுடா!"

"தெரியும் துளசி."

"தெரிஞ்சும் போனை எடுக்க மாட்டியா?"

"எடுத்து என்னலா சொல்றது? வேலை போச்சு. பேசினா காசு வந்துருமா?"

ஓர் அறை விட்டேன். கல்லாவிலிருந்து ஹனீபா பாய், "தங்கச்சி, மிச்சத்தை அவன் டெலிவரி முடிச்சிட்டு வந்தப்புறம் குடு. சோறு ஆறிப்போகுது" என்றார்.

ஏன் என் காரை எடுத்தான் என்று கேட்டேன். அவன் பெயரில் லோன் கிடைக்காதாம். தங்கையின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறான். அவளுக்கு வேலை இல்லை. அவள் கடனில் அவன் பெயர், அவன் ஓட்டிய காரில் என் பெயர். ஒன்றில் ஒன்று தொங்குகிறோம். இதில் இழப்பே இல்லாதது வங்கிக்கு மட்டும்தான்.

9 மே

வங்கி இறங்கி வந்தது. மொத்தமாக ஆறாயிரம் வெள்ளி ரொக்கம் கட்டினால் கணக்கை முடித்துவிடுவார்களாம். ஆனால் இந்த மாதத்துக்குள். மொத்தமாக! அது இருந்தால் நான் ஏன் இவர்கள் முன்னால் போய் உட்காருகிறேன்?

15 மே

எழுதக் கை ஓடவில்லை.

ஃபேக்டரியில் மோகனா அக்கா பிடிக்கும் புதுக் கூட்டுச் சீட்டு இன்று தொடங்கியது. மாதம் ஆளுக்கு ஐந்நூறு, பன்னிரண்டு பேர். ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். கையெழுத்து கிடையாது. மைலோ டின்னில் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். சட்டப்படி இது குற்றமாம். வங்கி அறுபது மாத வட்டியை வாங்கிவிட்டு என் பெயரைக் கெடுப்பது சட்டப்படி சரி.

கேன்டீனில் குலுக்கும் முன் எழுந்து நின்றேன். "அக்கா, முதல் முறை எனக்கு வேணும். ஆனா நான் பிளாக்லிஸ்ட்ல இருக்கேன். யோசிச்சுக்கோங்க."

கூட்டில் இருக்கும் சலேஹாதான் கேட்டாள், "எடுத்துக்கிட்டு ஓடிட்டா?"

"எங்கலா ஓடுவா?" என்றார் மோகனா அக்கா. "நாளைக்குக் காலையில இதே பஸ்ல தானே ஏறணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சலேஹாவும். மகனைப் பள்ளியில் சேர்க்க முதல் முறையை நம்பி இருந்தவள் அவள். அவளேதான் குலுக்காமல் டின்னை மூடினாள்.

இத்தனை வருடம் அந்த ஃபேக்டரி பஸ்ஸில் கடல்பாலம் தாண்டியிருக்கிறேன். வாயைத் திறந்து தூங்கி, யார் தோளிலோ சாய்ந்து, எழுந்து மன்னிப்புக்கூடக் கேட்காமல் இறங்கியிருக்கிறேன். இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்! என் ஐசி அட்டை எண்ணும் சம்பளமும் தெரிந்த வங்கிக் கணினிக்கு இது தெரியவில்லை. இன்னும் சிலிர்க்கிறது. இது என்ன? இதற்கு என்ன பெயர்?

18 மே

கட்டிவிட்டேன்.

30 டிசம்பர்

கடைவீட்டைக் காலி செய்தோம். ஜெலுத்தோங்கில் ஓர் அறை. அம்மா கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கையோடு எடுத்துவந்தார். "அவனுங்களுக்கு எதுக்கு விடணும்?"

21 ஜூன் 2024

கூட்டுக்கு என் கடைசி ஐந்நூறு ஏப்ரலிலேயே கட்டி முடிந்தது. இன்று வங்கிகள் பார்க்கும் என் கடன் பதிவை எடுத்தேன். பன்னிரண்டு மாதக் கட்டங்கள். அதற்கு முந்தியது எதுவும் அதில் இல்லை. கார் இல்லை. ஏலம் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் அழுத இரவுகளை ஓர் இயந்திரம் இவ்வளவு சாதாரணமாக மறந்துவிட்டதா? பயமாகக்கூட இருந்தது.

ஃப்ளாட்டுக்கு மறுபடி எழுதிப் போட்டேன்.

17 பிப்ரவரி 2025

மறுபடி புதுக் கூட்டு. ராமதாஸ் இப்போது எங்கள் ஃபேக்டரியில் பேக்கிங்கில் இருக்கிறான். எனக்கு மாதம் நூறு தருகிறான், சில மாதம் ஐம்பது. இன்று எழுந்து முதல் முறை தனக்கு வேண்டும் என்று கேட்டான், தங்கையின் கடனை அடைக்க.

"இது துளசி காரை முழுங்கினவன்தானே?" என்றாள் சலேஹா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கோபம் போகவில்லை. அன்று அவனுக்கு விட்ட அறையில் பாக்கி இன்னும் இருக்கிறது. இருந்தும் டின் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூடினேன்.

"எங்க ஓடுவான்? ஓடினா நான் கட்டுறேன்."

என்ன வாய் இது? இப்போதுதான் கிடைத்த ஃப்ளாட்டின் தவணையை யார் கட்டுவது?

18 பிப்ரவரி

தூக்கமில்லை. ஃப்ளாட்டுக்கு வந்தபின் எனக்குப் பாலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஃபேக்டரிக்கு மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம்தான். புறப்படும்போது அம்மா பால்கனியில் அந்தப் பழைய கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பஸ் வந்தது. மோகனா அக்கா இறங்கினார். சலேஹா இறங்கினாள். பிறகு யாரும் இல்லை. கதவு மூடப் போனது.

"அண்ணே, அண்ணே!" என்று உள்ளே ஒரு சத்தம். கன்னத்தில் பஸ் சீட்டின் தடம் பதிந்த முகத்தோடு ராமதாஸ் இறங்கினான்.