கிடாருக்கு ஒரு சங்குத் துண்டு

பொன்மலை,
3-11-1959

அன்புள்ள அக்காவுக்கு,

கோமளத்தின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் சௌக்கியம். ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் சௌக்கியம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே!

அக்கா, எங்கள் வீட்டுக்குக் கிடார் வந்துவிட்டது! ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ரயில்வே கார்டு ஒருவர் விற்றார், இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு விட்டாரா? ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு என் பேரையும் கொடுத்துவிட்டு, "வீணை வாசிச்ச கைதானே, தானா வரும்" என்கிறார்.

எங்கே வருகிறது? தந்திக்கும் அதன் அடியில் கழுத்தில் பதித்திருக்கும் மெட்டுக்கும் நடுவில் கட்டெறும்பு குடை பிடித்துக்கொண்டு போகலாம். அவ்வளவு உயரம்! அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் கீறிவிட்டது. வீணைக்கு இருப்பது போல இதற்கும் தந்தியைத் தாங்க ஒரு குதிரை உண்டு. அதன் மேல் பள்ளத்தில் எலும்புப் பத்தை ஒன்று நிற்கிறது, தந்திகள் அதன்மேல் ஏறிப் போகின்றன. அதற்குப் பேர் சேணமாம். அதை உருவி அடியில் தேய்த்தால் தந்தி கீழே இறங்குமாம். நாளைக்கே தேய்க்கப் போகிறேன்.

நீ ஒரு தரம் வந்து பாரேன். அரை மணி பஸ். "அவ படியை மிதிச்சவா என் படியை மிதிக்கப்படாது" என்று, ஜாதி விட்டு நடந்த என் கல்யாணத்தன்று அப்பா சொன்னது மறக்கவில்லை. ஆசை யாரை விட்டது?

உன்,
கோமு

ஸ்ரீரங்கம்,
7-11-1959

சௌபாக்கியவதி கோமளத்துக்கு,

வேதவல்லியின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. எலும்பைத் தொட்ட கையோடு அடுப்படிக்குப் போகாதே. விரலுக்கு விளக்கெண்ணெய் தடவு.

வரச் சொல்கிறாய். எப்படி வருவேன்? அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் எங்கள் ஆத்தில்தான். உன் கடிதத்தை இவருக்கு, உன் அத்திம்பேருக்கு, உரக்கப் படித்தபோது அப்பா இலையில் உட்கார்ந்திருந்தார். காதில் விழாதவர் போல இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். அவர் என் படி ஏறுவதை நிறுத்திவிட்டால் யார் கையால் சாப்பிடுவார்? என்னைக் கரைக்கப் பார்க்காதே.

வேதா

பொன்மலை,
12-11-1959

அன்புள்ள அக்கா,

தேய்த்துவிட்டேன்! உப்புத்தாளைப் பலகையில் ஒட்டி, தேய் தேய் என்று தேய்த்தேன். தந்தி அப்படியே மெட்டின் மேல் வந்து படுத்துக்கொண்டது. மீட்டினேன் பார், ங்ஙொய்ய்ய் என்று ஒரு இரைச்சல்! அப்பா தம்புராவில் தந்திக்கு அடியில் நூல் வைத்து, ரீங்காரம் எழும்ப ஜீவா பிடிப்பாரே, அதே கார்வை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிடாருக்கும் ஜீவன் கொடுத்துவிட்டேன் என்று சமையலை விட்டுவிட்டு அதையே மீட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் ஷிப்ட் முடிந்து வந்தார். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "அய்யய்யோ, என்னடி பண்ணி வச்சிருக்க!" என்று ஒரே சிரிப்பு. தந்தி மெட்டில் இடிக்கிறதாம். தம்புராவில் அது உயிராம், கிடாரில் வியாதியாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி புதுப் பத்தைதான் வைக்க வேண்டும். கசாப்புக் கடையில் மாட்டெலும்பு வாங்கி வேகவைத்து அறுக்கலாம் என்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு அடுப்பில் முட்டைகூட வேகவில்லை, அக்கா. கறி சாப்பிட்டு வளர்ந்தவர், எனக்காக அவரே அப்படி வைத்திருக்கிறார். இப்போது நான் என்ன சொல்ல? கச்சேரிக்கு வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?

கோமு

ஸ்ரீரங்கம்,
17-11-1959

என் அசட்டுக் கோமுவுக்கு,

உன் கடிதத்தை இந்தத் தரமும் அப்பா இலையில் இருக்கும்போதுதான் படித்தேன். கச்சேரியை விடாதே. எலும்பும் வேண்டாம். அப்பாவின் பூஜைப் பெட்டியில் பழைய பெரிய சங்கு ஒன்று விளிம்பு உடைந்து கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூளியானது பூஜைக்கு ஆகாது, காவிரியில் விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். "ம்" என்று எடுத்துக் கொடுத்தார். அத்திம்பேர் அதைத் திருச்சியில் சங்கு அறுக்கிறவரிடம் கொடுத்து, நீளவாட்டில் ஒரு பத்தை அறுத்து வாங்கி வந்திருக்கிறார். எலும்பைவிடக் கெட்டி. பெருமாள் கையில் இருக்கிற வஸ்து உன் கிடாருக்கு ஆகாதா?

பொய் சொல்லிவிட்டேனே என்று பெருமாளை இரண்டு தரம் சேவித்துவிட்டு வந்தேன். தபாலில் அனுப்பலாம் என்று உறையெல்லாம் ஒட்டினேன். பிறகு பிரித்துவிட்டேன். உன்னிடம் கொடுத்தால் இதையும் தேய்த்துத் தீர்த்துவிடுவாய். அரத்தால் கொஞ்சம் ராவி, தந்தி மாட்டி, காதால் கேட்டு, மறுபடி ராவ வேண்டிய வேலை இது. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். நல்ல அரமாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்.

வேதா

பொன்மலை,
23-11-1959

அக்கா, அக்கா, அக்கா!

நேற்று நீ வந்தது நிஜம்தானா? நீ காப்பி குடித்த டம்ளரை இன்னும் தேய்க்கப் போடவில்லை. நீ ராவுவதும், மாட்டுவதும், கண்ணை மூடிக்கொண்டு மீட்டுவதும், "இன்னும் ஒரு இழை" என்று மறுபடி உருவுவதுமாக இருந்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். கடைசியில் கணீர் என்று எழுந்ததே ஒரு நாதம்! இரைச்சலும் இல்லை, வலியும் இல்லை. "உங்க அக்காவுக்கு இருக்கறது காதா, தராசா?" என்கிறார் இவர்.

நீ பஸ் ஏறியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குத் தெரிந்தால்? எனக்காக நீ அப்பாவை இழந்துவிடக் கூடாது. ஒரு வரி எழுது. அதுவரை கிடாரைத் தொட மாட்டேன்.

கோமு

ஸ்ரீரங்கம்,
26-11-1959

கோமு,

தொடு, தாராளமாகத் தொடு.

ஞாயிற்றுக்கிழமை இரவு அப்பாவுக்கு இலை போட்டேன். சாத்தமுது சாதம் முடித்து மோர் சாதத்துக்கு வந்தார். மோர் விட்டேன். தலை நிமிராமல் கேட்டார்: "சங்கு பொருந்தித்தாடி?"

எனக்குக் கரண்டி நழுவிவிட்டது. "பொருந்தித்துப்பா" என்றேன்.

"கொழந்தைக்கு விரல் வலி விட்டுதா?"

நான் அழுதுவிட்டேன். விட்டது என்று அத்திம்பேர்தான் சொன்னார். அப்பா இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட வந்தார். இன்றுவரை வருகிறார்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடாதே. அப்பாவுக்குப் போடு.

வேதா