நின்றால் வரும் வலி

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் மூன்றாவது ஸ்கேனும் சுத்தம். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இடுப்புல ஒண்ணுமே இல்லம்மா" என்றார். திரும்பும்போது பேருந்தில் இடமில்லை. வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நிக்கும்போதுதான்டி உயிர் போகுது." ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு பாடா என்று எனக்கு எரிச்சல்.

மார்ச் 6

அடுத்த வெள்ளி கல்லூரியில் விவாதம். மனம் என்பது மூளையும் நரம்பும் மட்டும்தானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா? தத்துவ வகுப்பெடுக்க வந்து இருபது வருடம், என் கட்சி மாறியதில்லை. வலி என்பது நரம்பில் நடப்பது. அங்கே ஒன்றும் நடக்காவிட்டால் வலியும் இல்லை. எதிர்க்கட்சி எங்கள் துறைத் தலைவர், தாடிக்காரர். வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். "அனுபவிக்கிறவங்களைக் கேக்காம வலியை எப்படிம்மா தெரிஞ்சுக்குவீங்க?"

மார்ச் 13

ஜெயித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மூன்று ஸ்கேன், மூன்றிலும் ஒன்றுமில்லை, அவள் வாயை நம்புவதா படத்தை நம்புவதா என்று கேட்டேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். அப்புறம்தான் பார்த்தேன் — கடைசியில், உட்கார இடம் கிடைக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா. நான் பேசுவதைக் கேட்கத் தனியாக வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள்.

ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஏன்டி அப்படிப் பேசின? வேற உதாரணமே கிடைக்கலையா உனக்கு?

மார்ச் 14

அக்கா காபியை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22

மன்னிப்புக் கேட்டேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2

வேறு டாக்டர். அவர் பழைய படங்களைத் தொடவே இல்லை. "எப்பம்மா வலிக்கும்?" என்றார். நிற்கும்போது என்றாள். நிற்க வைத்துப் படம் எடுத்தார். படுத்தால் ஒழுங்காக இருக்கும் எலும்பு, நின்றால் நழுவி நரம்பை அழுத்துகிறது. இதுவரை எடுத்த மூன்றும் படுக்கவைத்து எடுத்தவை.

நரம்புதான். நான் சொன்னதுதான் சரி. ஆனால் எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது. பேருந்திலேயே என்னிடம் சொன்னாள்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப இனிமே எனக்கு வலிக்கலாமா?"

நடைபாதையில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 9

தாடிக்காரர் கேள்விப்பட்டு, "அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றார். இல்லை சார் என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுடி" என்றாள்.

விவாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மீதியை நான் கழுவினேன்.