செல்லியம்மாள் சொன்ன ஆமென்

ஜமுனாமரத்தூர்,
12 ஆகஸ்ட் 1978

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நல்ல மழை. பள்ளிக்கூடம் நடக்கிறது. கோழிகள் நலம்.

திங்கட்கிழமை வேலூரில் உங்கள் இதயத்தில் அறுவை சிகிச்சை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோழிகளைப் பற்றித்தான் எழுத வருகிறது.

இன்று மதியம் சமையலுக்கு வரும் செல்லியம்மாளும் நானும் சாமைச் சோற்றின் முன் உட்கார்ந்தோம். அவள் கை வைக்கவில்லை.

"ஏன், பசிக்கலையா?"

"ஐயா சொல்றத யாரு சொல்றது? நீங்க சொல்லுங்கம்மா, சோறு ஆறிப்போவுது."

எனக்கு ஜெபத்தில் நம்பிக்கையில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் நீங்கள் சொல்லும் வார்த்தைகளையே சொன்னேன். 'சேர்ந்து உண்பவர்களுக்காகவும்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவளே "ஆமென்" என்று முடித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? ஐயா ஆஸ்பத்திரிக்குத்தான போயிருக்காரு. சாமியையுமா கூட்டிக்கினு போய்ட்டாரு?"

சிரித்துவிட்டேன். அந்தச் சமையலறையில் எங்கள் இருவரோடு இன்னொருவரும் இருப்பதாகத் தோன்றியது. சான்று எதுவும் இல்லை. நீங்கள் உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

இங்கே இருப்பவர் திங்கட்கிழமை அங்கேயும் இருப்பாரா? இப்படிப்பட்ட கேள்விகளை உங்களிடம்தான் கேட்டுப் பழக்கம். இன்று, கை கழுவும்போது, அவரிடமே கேட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி