கோமதியின் சுண்டுவிரல்

சனி, 8-7-61

சாரல் விடவில்லை. மைதானம் முழுக்கச் சேறு. நெட் நனைந்து நடுவில் தொங்குகிறது, கயிறு மாற்ற வேண்டும். தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். கேட்கத்தான் வேண்டும்.

முழங்கால் வலி. எண்ணெய் தேய்த்தேன்.

கோமதியிடமிருந்து கடிதம். மாமியாரோடு சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்கிறாள். ஐந்தருவி ரோட்டில் வாடகை வீடு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மதுரையில் அவளைக் கட்டிக் கொடுத்து எட்டு வருஷம், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கடிதம் மட்டும்தான். எனக்கென்று கடிதம் எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான். மற்றதெல்லாம் ஆபீஸ் தபால்.

எடுத்துப் போக: கருப்பட்டி மிட்டாய் (காலேஜில் ஒரு பொட்டலத்தை நின்றபடியே முடிப்பாள்), குடை, மாற்றுச் சேலை.

சாயங்காலம் முழுக்கப் பழைய நினைப்பு. பாளையங்கோட்டை காலேஜில் மூன்று வருஷம் வாலிபால். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், அவரவர் இடம் அவரவருக்கு. நெட்டை ஒட்டி நானும் கோ.வும். அவள் தூக்கிக் கொடுப்பாள், நான் அடிப்பேன். எந்தக் காலேஜும் எங்களை ஜெயித்ததில்லை. யூனிவர்சிட்டி டீமுக்கு என்னை மட்டும் எடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது, பாதித் தலை இல்லாமல். மெட்ராசில் வேறு ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள். வர வேண்டிய இடத்துக்குப் பந்து வரவில்லை. எட்டிக் குதித்து இறங்கியதில் முழங்கால் போயிற்று. அதோடு சரி. பிறகு டிரில் டீச்சர் ட்ரெயினிங், தென்காசிப் பள்ளிக்கூடம், விசில்.

உயரம் ஐந்தடி எட்டங்குலம். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். காப்பி நன்றாக இருந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு, 9-7-61

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம், பெண்கள் பக்கம் அதிகமாம். அதே பேச்சுதான் குற்றாலம் வரைக்கும்.

கோ. சதை போட்டிருக்கிறாள். வாசலிலேயே, "ஏட்டி ஞானம், இன்னும் பனைமரமாத்தான் நிக்க" என்றாள். அழுகை வந்தது. தும்மல் மாதிரி சமாளித்தேன்.

மாமியார் நல்ல மாதிரி. பஜ்ஜி, காப்பி, எனக்கு நனையாத நாற்காலி. அவர் உள்ளே போன நேரத்தில், புதன்கிழமை என் ரூமுக்கு வருவதாகக் கோ. சொன்னாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

பிறகு நான் செய்தது. எழுதவே கை கூசுகிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒருத்தி விரலை ஒருத்தி பிடித்து இழுத்துச் சொடக்கு எடுப்போம். பந்து பட்டுப் பிசகின விரலுக்கு அதுதான் எங்கள் வைத்தியம். பேசிக்கொண்டே அவள் கையை எடுத்து என் மடியில் வைத்து இழுத்தேன். பழக்க தோஷம். சுண்டுவிரல் அதே கோணலாக இருந்தது. மாமியார் சிரித்தபடி, சின்னப் பிள்ளையில் கதவில் வைத்து நசுக்கிக் கொண்டாளாமே என்றார்.

நான் மடச்சி. "கதவா? பந்து தூக்கி ஒடிஞ்ச விரலும்மா இது. பக்கத்து விரலோட சேத்துக் கட்டிக்கிட்டு ஃபைனல் ஆடினா. ஊரே பாத்துச்சு" என்றேன். பெருமையாக வேறு.

கோ. கையை உருவிக்கொண்டாள். மாமியார் "ஊரேவா" என்று மட்டும் கேட்டார்.

கேட் வரை வந்து கோ. விஷயத்தைச் சொன்னாள். காலேஜில் படிப்பைத் தவிர ஒன்றும் அறியாத பிள்ளை என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார்களாம். ஆட்டம், அரைப்பாவாடை, வெளியூர் எல்லாவற்றையும் மறைத்து. எட்டு வருஷமாக அவளும் அதையே காப்பாற்றி வந்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கடிதத்திலாவது எழுதியிருக்கலாம். கோபமாக அவள் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை வருதேன் என்றுதான் மறுபடியும் சொன்னாள்.

புதன், 12-7-61

அரை நாள் லீவு. ரூமைக் கழுவிவிட்டேன். கொடியில் கிடந்ததை எல்லாம் பெட்டிக்குள் திணித்தாயிற்று. உளுந்த வடை சுட்டேன், பதினொன்று.

"யாரு டீச்சர் வாராங்க, மாப்பிள்ளையா?" என்று வீட்டுக்கார அக்கா. சிநேகிதி என்றதும் அவளுக்குச் சப்பென்று போயிற்று.

வரவில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போய் வந்தேன். வெட்கக்கேடு. நான் தின்ற வடை இரண்டு. மற்றது அக்கா வீட்டுக்கு.

வெள்ளி, 14-7-61

பள்ளிக்கூடம் விட்டு நேரே குற்றாலம். மன்னிப்புக் கேட்டு வருவதாக எண்ணம். வீடு பூட்டிக் கிடந்தது. இன்னும் ஒரு வாரம் வாடகை இருக்கையிலேயே கிளம்பிவிட்டார்கள், இப்போதுதான் தென்காசி ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்றான் காவல்காரன். கிடைத்த பஸ்ஸில் திரும்பி, ஸ்டேஷனுக்கு ஓடினேன். முழங்காலை யார் நினைத்தார்கள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் மாமியார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல குத்தமில்லம்மா. நீங்க உள்ளதைச் சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்கினார். கோ. கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டு வந்தாள்.

"இனி எழுதாத, ஞானம். எல்லாத்தையும் பிரிச்சுப் படிப்பாங்க. இன்னும் என்னத்தை மறைச்சேன்னு தேடுவாங்க."

நீயாவது எழுதுவியா என்று கேட்டேன். அவள் கீழே குனிந்து கூடையை ஒழுங்கு பண்ணினாள். வண்டி கிளம்பும்வரை பண்ணிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு, 16-7-61

கோயில். பாட்டு நன்றாக இல்லை. துணி துவைத்தேன், காயவில்லை. யாரோடும் பேசவில்லை. இனி யாருக்கு என்ன எழுதுவது?

திங்கள், 17-7-61

வெயில். நெட்டுக்குப் புதுக் கயிறு. இந்த வருஷம் முதல் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் ஆட வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. ஒன்பது பேரில் மூன்று பேரை வெளியே நிறுத்தினேன். அதில் இசக்கியம்மாளும் ஒருத்தி. அவளுடைய கூட்டாளி செல்வி உள்ளே. இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரிகிறதுகள்.

செல்வி அழுதுகொண்டே வந்தாள். "அவ இல்லாம நான் எப்படி டீச்சர் ஆடுவேன்?"

பழகிரும் என்றேன். விசில் ஊதினேன்.