அறுபதடி ரோட்டின் ஐந்தாம் குறுக்குத் தெரு

நடந்ததில் எதையும் மாற்றாமல், எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடியே இதில் எழுதப் போகிறேன், மாமா. முதல் செய்தி, நேற்றிலிருந்து உங்கள் தெருவின் எண் மாறிவிட்டது. அறுபதடி ரோட்டில் ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முனையிலும் மஞ்சள் பலகை நட்டு, கறுப்பு பெயின்டில் எண் எழுதியிருக்கிறார்கள். பள்ளி விட்டு வரும்போது உங்கள் முனையில் எழுத்து இன்னும் காயவில்லை. ஐப்பசி ஈரத்தில் பெயின்ட் வாசனை தெரு முழுக்க அப்படியே நின்றது. ஐந்தாம் குறுக்கு என்று நீங்கள் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட தெரு இனி ஏழாம் குறுக்கு. அப்படி எழுதச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாசனையில் நின்றபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாம் அறிமுகமானதே இந்த எண்களின் குழப்பத்தால்தான். எங்கள் வீடு நான்காம் குறுக்கில் ஒன்பதாம் எண். உங்கள் வீடு ஐந்தாம் குறுக்கில் ஒன்பதாம் எண். இரண்டுக்கும் மூன்று படி, நீலக் கேட். ஒரே ஆள் கட்டிய வீடுகள் என்பதால் சட்டை மாட்டும் ஆணிகூட ஒரே இடத்தில் இருந்தது. நீங்கள் கம்பத்திலிருந்து குடிவந்த புதிது. நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தேனி மார்க்கெட்டில் காய்கறி ஏலம் முடித்து நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு நேரே உள்ளே வந்தீர்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் கேட்டீர்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொம்பு முழுவதும் குடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ள?"

"இந்த வீட்டுப் பிள்ள."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றதும் நீங்கள் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டினீர்கள். சாயங்காலம் மாமி ஒரு பை முட்டைக்கோஸோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். "இந்த வாரத்துல இது மூணாவது வீடு. கதவைப் பூட்டி வைங்க, இல்லேன்னா ராச்சாப்பாட்டுக்கும் வந்துருவாக" என்று மாமி சொல்ல, அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுக்கு இந்தக் குடியிருப்பு பிடிக்கவில்லை. கம்பத்தில் உங்கள் பழைய தெரு எத்தனை வளைவு வளைந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவேன் என்பீர்கள். "இங்கன கண்ணத் தொறந்துக்கிட்டே போயி எவன் வீட்டுலயோ உக்காருறேன்." எனக்கோ இந்த ஒழுங்குதான் பிடித்திருந்தது. குடியிருப்போர் சங்க அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து நோட்டில் பென்சிலால் வரைந்து எடுத்து வந்தேன். ஏணி மாதிரி இருக்கும் அது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நேராக அறுபதடி ரோடு. அதை வெட்டிக்கொண்டு பதினொரு குறுக்குத் தெருக்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நான் 'மேப்பு' ஆகிவிட்டேன்.

சாயங்காலங்களில் உங்களை அறுபதடி ரோட்டில் நடத்திக்கொண்டு போவேன். தொட்டியில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று நீங்கள் சத்தமாக எண்ண வேண்டும். ஆனி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று எந்தத் தெருவிலும் திரும்பாமல் இந்த ஒரே ரோட்டில் ஓடி வரும். உங்கள் தலைத்துண்டு ஒருநாள் ஆறாம் குறுக்குவரை பறந்தது. நான் பேப்பரில் படித்ததையெல்லாம் உங்களிடம்தான் சொல்வேன். பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து, கண்ணுக்கே தெரியாத துகளைப் பிடிக்க ஆய்வுக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள் என்று சொன்னபோது, "என் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மிசின் கேட்டுப் பாரு" என்றீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் சண்டை போட்டோம். வரைபடத்தில் எண்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்கும். ஆனால் ஆட்டோக்காரர்களும் கீரை விற்க வருகிறவர்களும் பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் எண்ணுவார்கள். அவர்களுக்கு உங்கள் தெரு ஏழாவது. நான் அவர்களைத் திருத்துவேன். வரைபடத்தில் இருப்பதுதான் சரி என்று வாதாடுவேன். நீங்கள் என் பக்கம் பேசவில்லை.

"ஏத்தா மேப்பு, பஸ்ஸுல எறங்குறவன் தொட்டி வரைக்கும் போயிட்டு, திரும்பி எண்ணிக்கிட்டு வரணுமா?"

அவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னேன். மாமா, அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமி செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். உங்கள் மகன் எர்ணாகுளத்தில் இருந்தார். என் அப்பாவும் ஊரில் இல்லை. மாமியோடு நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை நனைந்திருந்தது. மாமிக்கு வார்த்தை வராததால் போனை நான் வாங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். "அறுபதடி ரோடு, அஞ்சாவது குறுக்கு, ஒன்பதாம் நம்பர்" என்று தெளிவாகச் சொன்னேன். பதறாமல் பேசுகிறோமே என்று அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

போனை உங்கள் கட்டிலிலேயே வைத்துவிட்டு, வழிகாட்டுவதற்காகத் தெருமுனைக்கு ஓடினேன். நேரான ரோடு என்பதால் பஸ் ஸ்டாப்பில் ஆம்புலன்ஸ் திரும்பும்போதே தெரிந்தது. வெள்ளையாக, சின்னதாக வந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். எனக்கு இரண்டு தெரு முன்னால் அது உள்ளே திரும்பிவிட்டது.

அவர்கள் எண்ணியது ஐந்துதான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து. அந்தத் தெருவிலும் ஒன்பதாம் எண் இருந்தது, நீலக் கேட்டும் இருந்தது, ஆனால் வீட்டில் ஆளில்லை. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டும் மாமியின் போனுக்கு அழைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். போன் உங்கள் பக்கத்தில் அடித்திருக்கிறது. மாமி உங்களைத் தாங்கிப் பிடித்திருந்ததால் எடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க ஓடிப்போய்க் கூட்டி வருவதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். பதினைந்தாகவும் இருக்கலாம். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

உங்களைத் தூக்கி ஏற்றும்போது தெருவே கூடிவிட்டது. வழி தெரியாதவனுக்கு எதற்கு வண்டி என்று ஆளாளுக்கு டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, அஞ்சாவதுன்னுதான சொன்னீக?"

நான் பதில் சொல்லவில்லை, மாமா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நின்றேன். வண்டி போய்விட்டது. மறுநாள் விடியும் முன்பே நீங்கள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனீர்கள். முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. அதனால் அதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மகன் டிரைவர்மேல் புகார் எழுதிக் கொடுத்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் யாராவது அறுபதடி ரோட்டில் வழி கேட்டால் பக்கத்துக் கடைக்காரரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஆவணியில் விசாரணைக் கடிதம் வந்தது. மாமி அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அழைத்தவர் சொன்ன எண்படியே சென்றதாக டிரைவர் விளக்கம் கொடுத்திருக்கிறார், இதற்குக் குடும்பத்தார் என்ன சொல்கிறீர்கள் என்று அதில் இருந்தது. முடிவாகும் வரை அவருக்கு ஓட்ட வண்டி கொடுக்கப்படாது என்றும் இருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அவர் சொல்வது உண்மை, நான் தொட்டியிலிருந்து எண்ணிச் சொன்னேன், வெளியாட்கள் மாற்றி எண்ணுவார்கள் என்று தெரிந்தும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமி இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார்கள். பிறகுதான் பேசினார்கள்.

"நீ போனுல பேசுறப்ப நான் பக்கத்துலதான நின்னேன். அந்த டிரைவரு உன்னக் கேட்டப்பயும் அங்கனதான் நின்னேன்."

அப்படியானால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரு மேலயாச்சும் கோவப்படணும்போல இருந்துச்சு. அந்த ஆளு மொகம் தெரியாத ஆளு. உன் மேல கோவப்பட்டா நான் யாருகூடப் பேசுறது?"

அழத் தொடங்கினேன். மாமி என்னைத் தேற்றவில்லை. வெங்காயக் கையோடு முகத்தைத் தொடாதே என்று மட்டும் சொன்னார்கள். கண்ணைத் துடைத்ததும் வெள்ளைத் தாள் எடுத்து வந்து கொடுத்தார்கள். "அந்த ஆளுக்கும் பிள்ள குட்டி இருக்கும். நீ சொன்னதச் சொன்னபடி எழுது. நானும் கையெழுத்துப் போடுறேன்." எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே மாமி மெதுவாகத் தன் பெயரை எழுதினார்கள்.

உங்கள் மகனுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "வேல இருக்கு, வைக்கிறேன்" என்றார். பெருநாளுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி கொடுத்துவிட்டுப் போகிறவர், போன மாதம் வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. அது அவர் உரிமை. என்னுடன் பேசுங்கள் என்று நான் கேட்க முடியாது.

போன வாரம் அந்த டிரைவரைப் பஸ் ஸ்டாப் டீக்கடையில் பார்த்தேன். வருசநாட்டுக்காரராம். சீருடையில் இருந்தார், வண்டி ஓரமாக நின்றது. கிட்டே போனேன்.

"அன்னைக்கு நீங்க கேட்டீக. ஆமா, அஞ்சாவதுன்னுதான் சொன்னேன்."

அவர் டீயை மேசையில் வைத்தார். "தெரியும் பாப்பா. நீ பேசுனது எல்லாம் பதிவாகியிருக்கு. அதப் போட்டுக் கேளுங்கன்னு நானும் எத்தன தடவ சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. நீ எழுதுன தாளத்தான் படிச்சாக." பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, தெரு எண்களைப் பலகையில் எழுதப் போகிறார்களாமே, எப்போது என்று கேட்டார். மறு வாரமே எழுதுவார்கள் என்று சொன்னேன்.

அதற்கு முன்பே நடந்த சங்கக் கூட்டத்தில் எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று பேச்சு வந்தபோது, வரைபடத்தை வைத்திருக்கிற என்னைத்தான் கேட்டார்கள். வருகிறவர்கள் வரும் பக்கமிருந்து என்று சொன்னேன். பெரியவர் ஒருவர், நீதானே இத்தனை நாள் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேலி செய்தார். ஆமாம் என்றேன்.

இப்போது யாராவது வழி கேட்டால் நான் நழுவுவதில்லை, மாமா. ஆனால் உடனே எண்ணைச் சொல்வதும் இல்லை. முதலில், நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறேன். வகுப்பில் பக்கத்துப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட அவள் எங்கே தொடங்கினாள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். பேச்சில் நான் கொஞ்சம் மெதுவாகிவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிதானம்தான். ஒவ்வொரு முறையும் அது உங்களை நினைவுபடுத்தித்தான் வருகிறது. அது என்னைவிட்டுப் போக வேண்டாம்.

விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இவ்வளவும் எழுதினேன். பால் வண்டி போய்விட்டது. மேற்கு மலையில் மேகம் தெரியத் தொடங்கியிருக்கிறது. இப்போதுதான் அறுபதடி ரோட்டின் தெருவிளக்குகளை ஒருசேர அணைத்தார்கள்.